மூன்றாவது போர்

எங்கள் பக்கம் போர் என்றால்
யாரும் வாளைத் தேடுவதில்லை.
ஒன்று பூமியைத் துளைப்பது,
இன்னொன்று நான் செய்வது.

ஆவாரம்பாளையத்தில் என் லேத்துக்கு முன்னால்
ஆட்டோவில் வந்து இறங்கியது ஒரு சிலிண்டர்,
மாட்டுத்தீவனச் சாக்கில் சுற்றி.
அறுபத்திரண்டாம் வருசத்து ஜாவா.
கூடவே இறங்கினார்கள்
சுல்தான்பேட்டைப் பக்கத்து அண்ணனும் தங்கையும்,
ஆளுக்கொரு கதவு வழியாக.

காடு பிரிந்துவிட்டது.
கிணற்று முறையும் பிரிந்துவிட்டது:
திங்கள் புதன் வெள்ளி அண்ணனுக்கு,
செவ்வாய் வியாழன் சனி தங்கைக்கு,
ஞாயிறு, கிணறு ஊறுவதற்கு.
வண்டி மட்டும் பிரியவில்லை.

கேஜை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
ஏற்கெனவே இரண்டு முறை கடைந்த உடம்பு.
சுவரில் மிச்சம் இன்னும் ஒரே ஒரு போருக்கு.
அதற்கப்புறம் இரும்பு இல்லை.
"லைனர் போட்டுக்கலாமுங்க."
"போட்டா வேற வண்டியாயிருமுங்க."
இரண்டு பேரும் ஒரே மூச்சில்.
அன்று அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு இடத்தில்தான்.

நல்லசிவம் நின்றபடியே பேசினார்.
கருமத்தம்பட்டி தாண்டி மில்லுக்காரர் ஒருத்தர்
ம்யூசியம் கட்டியிருக்கிறாராம், ஏசி போட்டு.
பெட்ரோலை வடித்து, ஆயிலை வடித்து,
டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்து,
கண்ணாடிக்குள்ளே.
"ஓட்டுனாத் தேயுமுங்க.
தேஞ்சதை யாரு திருப்பிக் குடுப்பா?
போட்டுப் போட்டுத்தானுங்க எங்க காட்டுல
ஆயிரத்தி எரநூறு அடியில கூடப்
பொகையாப் பறக்குது.
இருக்கறதை இருக்கறாப்பல வெச்சிருந்திருந்தா..."
முடிக்கவில்லை.
செல்லை எடுத்து எதையோ பார்த்தார்.

பூங்கோதை நார் மில்லில் கணக்கு எழுதுகிறவர்.
ஸ்டூலில் உட்கார்ந்து, சாக்கை மடித்துக்கொண்டே:
"மூடி போட்டு வெச்ச போர்ல
தண்ணி கெடக்குதா இல்லையான்னு
மோட்டாரைப் போடாம எப்படீங்ணா தெரியும்?"
ஜாவாவுக்குக் கிக்கரும் கியரும் ஒரே தண்டு.
உதைத்து எழுப்பி, அதையே மடக்கி
அதாலேயே முதல் கியர் போட வேண்டும்.
"அதை எந்த அட்டையில எழுதி ஒட்டுவாங்க?
செஞ்சேரிமலை ஏத்தத்துல
ரெண்டு சைலன்ஸரும் கொரலை மாத்தறதை?"

எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது.
அதுதான் தொந்தரவு.
முப்பது வருசமாய் இந்தக் கடையில்
பம்பு புஷ், கிரைண்டர் ஷாஃப்ட், தறி ரோலர்.
தேயாமல் வந்த ஒரு பொருளும்
என் படியேறியதில்லை.
அந்த ம்யூசியத்துக்கும் வேலை செய்திருக்கிறேன்:
ஒரு ராஜ்தூத்துக்கு, அலுமினியத்தில் டம்மி பிஸ்டன்.
வெளியே தெரியாததற்கு எதற்குங்க என்றேன்.
"எடை சரியா இருக்கோணும்" என்றார் மேனேஜர்.
யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்
என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.
பில் பாஸாக வேண்டியிருந்தது.

டீ வந்தது. ஆறியது.
அப்போது நல்லசிவம்தான் கேட்டார்,
தங்கையைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல்,
சிலிண்டரிடம் கேட்கிற மாதிரி:
"இந்தக் கடைசி போரு
எத்தனை கிலோமீட்டருங்க வரும்?"
"ஓட்டறவங்க கைங்க.
ஆயில் கலக்கறதுல கஞ்சம் பண்ணலீன்னா
முப்பதாயிரம் வருமுங்க."
"ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்தா?"

பூங்கோதையின் கை சாக்கு மடிப்பில் நின்றது.

செல்லில் கணக்குப் போட்டார்.
அழித்தார், மறுபடி போட்டார்.
எவ்வளவு வந்தது என்று சொல்லவில்லை.
"பொழுதாகுது" என்று எழுந்தார்.
போகும்போது இரண்டு பேரும்
ஒரே கதவு வழியாக ஆட்டோவில் ஏறினார்கள்.
சந்து குறுகல், அந்தப் பக்கம் லாரி நின்றது.
அதற்கு மேல் அதில் எதையும் நான் படிக்கவில்லை.

மூன்று வாரமாயிற்று. ஃபோன் இல்லை.
கடைந்த வார்ப்பிரும்பு, விட்டால்
ஒரே ராத்திரியில் செம்மண்ணாட்டச் சிவந்துவிடும்.
கண்ணாடிக்குள் போவதென்றாலும் எண்ணெய் வேண்டும்,
மலையேறுவதென்றாலும் வேண்டும்.
தடவி வைக்கிறேன்.

பக்கத்துக் கடை பிரஸ் ஓடாத நேரம்
நகத்தால் ஃபின்னைச் சுண்டுவேன்.
சன்னமாய் ஒரு சத்தம் வரும்.
அடங்குகிற வரைக்கும்
வேறு வேலை தொடுவதில்லை.